யானை மீண்ட துறையில் யானைச் சந்தை

அன்புள்ள ஐயா,

எனக்குத் தேன்கனிக்கோட்டை பக்கம் ஒரு கிராமம். ஓசூரில் ஒரு கம்பெனியில் வேலை. கார்த்திகை பிறந்தால் எங்கள் ஊரில் ராகி அறுப்பு தொடங்கும், கூடவே யானைகளும் வந்துவிடும். அப்பாவோடு பரணில் உட்கார்ந்து விடிய விடியக் காவல் காத்து வளர்ந்தவன் நான்.

என்னோடு வேலை செய்யும் பீகார் நண்பர் ஒருவர், தங்கள் ஊர்ப்பக்கம் சோன்பூரில் கார்த்திகைப் பௌர்ணமிக்குப் பெரிய கால்நடைச் சந்தை கூடும் என்றும், ஒரு காலத்தில் அங்கே யானைகளை வரிசையாகக் கட்டி விற்பார்கள் என்றும் சொன்னார். கஜேந்திரனை முதலையிடமிருந்து பெருமாள் காப்பாற்றிய இடமே அதுதானாம். சந்திரகுப்த மௌரியர் அங்கே யானை வாங்கினார், 1803-ல் ராபர்ட் கிளைவ் குதிரை லாயம் கட்டினார் என்றெல்லாம் ஒரு வீடியோவிலும் பார்த்தேன்.

இவையெல்லாம் உண்மையா? கோயிலால் சந்தை வந்ததா, சந்தைக்காகக் கோயில் கதை பிறகு சேர்க்கப்பட்டதா? நம் பக்கத்தில் ஏன் கார்த்திகையில் இப்படி ஒரு சந்தை இல்லை? கடைசியாக ஒன்று. யானைக்கு விடுதலை கிடைத்த இடம் என்று கும்பிட்டுவிட்டு, அதே இடத்தில் யானையைச் சங்கிலியில் கட்டி விலை பேசினார்களே, அது மனதுக்கு உறுத்தவில்லையா?

— தேன்கனிக்கோட்டை வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடைசிக் கேள்விதான் என்னை உடனே பதில் எழுத உட்கார வைத்தது. ராகிக் காட்டில் யானைக்குப் பயந்து கண்விழித்த ஒருவர் யானையின் பக்கம் நின்று இப்படிக் கேட்பது எனக்குப் பெரிய விஷயமாகத் தெரிகிறது. ஆனால் அதற்கு வருவதற்கு முன் அந்த இடத்தையும் கதையையும் சொல்லியாக வேண்டும்.

சோன்பூர் பீகாரின் சாரண் மாவட்டத்தில் இருக்கிறது. இமயத்திலிருந்து நேபாளம் வழியாக இறங்கி வரும் கண்டகி ஆறு கங்கையில் கலக்கும் இடம். கண்டகிக்கு அக்கரையில் ஹாஜிப்பூர், கங்கைக்குத் தெற்கே பாட்னா. கண்டகிக்கு நாராயணி என்றும் பெயர் உண்டு. நம் வீடுகளில் பூஜையில் வைக்கும் சாளக்கிராமக் கல் இந்த ஆற்றின் மேல்பகுதியில், நேபாள மலைகளில் கிடைப்பதுதான். ஆழ்வார்கள் பாடிய 108 திருப்பதிகளில் ஒன்றான சாளக்கிராமம் இந்த ஆற்றங்கரையில்தான் இருக்கிறது. அதனால் இந்த ஆறு தமிழ் வைணவர்களுக்குப் புதிதல்ல.

கஜேந்திர மோட்சக் கதை பாகவதத்தின் எட்டாம் ஸ்கந்தத்தில் வருகிறது. திரிகூட மலையில் வருணனுக்கு ஒரு தோட்டம். அதில் ஒரு பொய்கை. வெயில் தாங்காமல் தன் கூட்டத்தோடு தண்ணீருக்கு இறங்கிய யானைத் தலைவனின் காலை முதலை கவ்வுகிறது. ஆயிரம் வருடம் இழுபறி. கூட வந்த யானைகளால் ஒன்றும் செய்ய முடியவில்லை. பலம் வற்றிய பிறகு யானை ஒரு தாமரையைத் துதிக்கையில் உயர்த்தி ஆதிமூலத்தைக் கூப்பிடுகிறது. கருடன் மேல் வந்து இறங்கிய பெருமாள் முதலையோடு சேர்த்தே யானையைக் கரைக்கு இழுத்து, சக்கரத்தால் முதலையின் வாயைப் பிளந்து விடுவிக்கிறார். முதலையும் வெறும் முதலை அல்ல, சாபம் பெற்ற ஹூஹூ என்ற கந்தர்வன். அதற்கும் அன்றைக்கு விடுதலை.

அந்த யானை முற்பிறப்பில் யார் என்பதை நம்மில் பலர் கவனிப்பதில்லை. இந்திரத்துய்மன் என்ற பாண்டிய மன்னன் என்றே பாகவதம் சொல்கிறது. திராவிடர்களில் சிறந்தவன் என்றும் சொல்கிறது. அரசை விட்டுவிட்டு மலைய மலையில் மௌனமாகத் தவம் இருந்தவன், அகத்தியர் வந்தபோது எழுந்து வரவேற்கவில்லை. அந்தக் கோபத்தில் அகத்தியர் சபித்து அவன் யானையாகப் பிறந்தான். பீகாரில் கும்பிடப்படும் யானை பொதிகைப் பக்கத்துப் பாண்டியன்! உங்கள் நண்பரிடம் இதைச் சொல்லுங்கள், சந்தோஷப்படுவார்.

பாகவதம் அந்தப் பொய்கையைக் கண்டகிக் கரையில் வைக்கவில்லை. திரிகூடத்தைப் பாற்கடல் சூழ்ந்த மலை என்றுதான் சொல்கிறது. அதை மண்ணில் இறக்கி இடம் காட்டியது மக்கள். இந்த வேலையை நாமும் செய்திருக்கிறோம். கும்பகோணம் பக்கம் கபிஸ்தலத்தில் காவிரிக் கரைக் கோயிலில் பெருமாள் கஜேந்திர வரதராக இருக்கிறார். திருநெல்வேலி மாவட்டத்து அத்தாளநல்லூரில் தாமிரபரணிக் கரையில் இதே கதையைச் சொல்வார்கள். சோன்பூர்க்காரர்கள், யானையும் முதலையும் சண்டையைத் தொடங்கியது மேலே நேபாள எல்லையில், முடிந்தது இங்கே சங்கமத்தில் என்பார்கள். ஹாஜிப்பூர் பக்கத்துக் கோன்ஹாரா படித்துறையை அந்த இடமாகக் காட்டுவார்கள்.

இதைப் பொய் என்று ஒதுக்க எனக்கு மனமில்லை. கண்டகியில் இன்றும் கரியல் எனும் நீண்ட மூக்கு முதலைகள் உண்டு. ஆற்றின் மேல்பகுதியில் சித்வன், வால்மீகி நகர்க் காடுகள் இருக்கின்றன. அந்த அடிவாரக் காடுகள் நெடுங்காலமாக யானைக் காடுகள். மலையிலிருந்து யானையும், ஆற்றில் முதலையும், கரையில் சாளக்கிராமமும் இருக்கும் ஓர் இடத்தில் இந்தக் கதை வந்து தங்காமல் வேறு எங்கே தங்கும்? தண்ணீர் குடிக்க இறங்கிய மாட்டை முதலை பிடிப்பதைக் கண்ணால் பார்த்த ஜனங்களுக்கு அது புராணமாக மட்டும் இருந்திருக்காது.

அங்கே இருக்கும் கோயிலின் பெயர் ஹரிஹரநாதர். ஹரியும் ஹரனும் ஒரே கருவறையில். நம் சங்கரன்கோவிலை நினைத்துக்கொண்டால் போதும். ராமர் மிதிலைக்குப் போகும் வழியில் கட்டியது என்பது ஊர் நம்பிக்கை. அந்தப் பகுதியையே ஹரிஹர க்ஷேத்திரம் என்பார்கள். கார்த்திகைப் பௌர்ணமியும் இருவருக்கும் பொதுவான நாள். சைவர்களுக்கு அது சிவன் திரிபுரம் எரித்த நாள். வைணவர்களுக்குப் பெருமாள் நான்கு மாத உறக்கத்திலிருந்து எழுந்த ஏகாதசிக்கு அடுத்து வரும் பௌர்ணமி. ஜைனர்களுக்கும் குஜராத்தின் பாலிதானா மலை யாத்திரை, மழைக்கால இடைவெளிக்குப் பின் அன்றுதான் மறுபடி திறக்கிறது. ராஜஸ்தானில் பிரம்மாவின் புஷ்கரத்தில் ஒட்டகச் சந்தை இதே பௌர்ணமியை ஒட்டித்தான். ஆக்ரா பக்கம் யமுனைக் கரையில் சிவன் கோயில்கள் நிறைந்த படேஷ்வரிலும் கார்த்திகையில்தான் கால்நடைச் சந்தை கூடுகிறது.

ஒரு சின்னக் குறிப்பு. வடக்கே கார்த்திகை என்பது சந்திர மாதம். 2023-ல் அந்தப் பௌர்ணமியும் நம் திருக்கார்த்திகையும் ஒட்டி வந்தன. 2024-ல் அங்கே நவம்பர் 15-லேயே முடிந்துவிட்டது, நமக்கு டிசம்பர் 13-ல் தீபம். போவதாக இருந்தால் நம் நாள்காட்டியை நம்பிப் புறப்பட்டுவிடாதீர்கள்.

இத்தனை தெய்வங்கள் ஏன் ஒரே பௌர்ணமியில் கூடின? இங்கேதான் உங்கள் இரண்டாவது கேள்விக்குப் பதில் இருக்கிறது. சாதுர்மாஸ்யம் என்ற நான்கு மாத விரதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆனி, ஆடியில் தொடங்கிக் கார்த்திகையில் முடிகிறது. அந்தக் காலத்தில் சன்னியாசிகள் ஊர் ஊராகப் போகக் கூடாது, ஒரே இடத்தில் தங்க வேண்டும். வட இந்தியாவின் மழைக்காலம் அதுதான். ஆறு கரைபுரண்டு ஓடும், பாதை சேறாகும், பாலம் கிடையாது. மழை விட்டு, வெள்ளம் வடிந்து, பாதை காய்ந்த பிறகுதான் மனிதனும் மாடும் நடக்க முடியும். சாமி விழித்தெழுவதும் வழி திறப்பதும் ஒரே சமயம். அப்போது நெல் அறுவடைக்கு வந்துவிடும், கோதுமைக்கு உழவு தொடங்கிவிடும். உழவுக்கு மாடு வேண்டும். அறுப்பால் கையில் காசு புரளும். புல்லும் வழியெங்கும் கிடைக்கும். இந்த வசதிகள் எல்லாம் ஒன்றாகக் கிடைக்கும் நாள் வருடத்தில் ஒன்றிரண்டுதான். அதைக் குறித்து, யாரும் மறக்காதபடி, பஞ்சாங்கம் பார்க்கத் தெரியாதவன்கூட நிலாவை அண்ணாந்து பார்த்துக் கணக்கிடும்படி வைத்ததுதான் பௌர்ணமி. காஷ்மீரில் இருப்பவனுக்கும் அஸ்ஸாமில் இருப்பவனுக்கும் தந்தி, தபால் இல்லாத காலத்தில் தேதி சொல்லி அனுப்பியது அந்த நிலாதான்.

சரி, அப்படியானால் வியாபாரம்தான் முதல், சாமி ஒரு சாக்கு என்று ஆகிவிடாதா? ஆகாது. நம் ஊர்ச் சந்தைகளையே பாருங்கள். போச்சம்பள்ளியில் ஞாயிற்றுக்கிழமை, காரிமங்கலத்தில் செவ்வாய், குந்தாரப்பள்ளியில் வெள்ளி என்று வாரச்சந்தைகள் நடக்கின்றன. ஆடும் மாடும் அங்கே கைமாறுகின்றன. அவற்றுக்குத் திருவிழா தேவைப்படவில்லை. ஏன்? விற்பவனும் வாங்குபவனும் பக்கத்துப் பக்கத்து ஊர். ஏமாற்றினால் அடுத்த வாரம் அதே திடலில் முகத்தைப் பார்க்க வேண்டும். தரகரும் தெரிந்தவர்.

வருடச் சந்தை அப்படி இல்லை. பல நூறு மைல் நடந்து வந்தவன், மொழி தெரியாத ஒருவனிடம், வாழ்நாளில் மறுபடி பார்க்கப்போகாத ஒருவனிடம், தன் வீட்டின் மிகப் பெரிய சொத்தை விற்கிறான். மாடு முட்டுமா, படுக்குமா, நுகத்தடி வைத்தால் சண்டித்தனம் செய்யுமா என்பது வாங்குபவனுக்குத் தெரியாது. பல்லைப் பிடித்துப் பார்க்கலாம், சுழி பார்க்கலாம், நடக்கவிட்டுப் பார்க்கலாம். மற்றதெல்லாம் விற்பவன் வாக்குதான். அந்த வாக்குக்கு யார் ஜாமீன்? காலையில் அதே ஆற்றில் குளித்து, அதே சாமியைக் கும்பிட்டுவிட்டு வந்த இருவருக்கும் நடுவில் அந்தச் சாமிதான் ஜாமீன். "கோயில் எதிரில நிக்கிறேன், பொய் சொல்ல மாட்டேன்" என்ற பேச்சை நம் பக்கத்துத் தேர்ச் சந்தைகளிலும் கேட்கலாம். துண்டுக்குள் விரலைப் பிடித்து விலை பேசி முடித்து, அச்சாரம் வாங்கி, விற்றவன் தன் பழைய கயிற்றை அவிழ்த்துக்கொள்ள, வாங்கியவன் புதுக் கயிறு கட்டும்போது இருவரும் கோயில் பக்கம் திரும்பி ஒரு கும்பிடு போடுகிறார்கள். அது அந்த வியாபாரத்துக்குக் கிடைக்கும் ஒரே பத்திரப் பதிவு.

ஆகவே என் பதில் இதுதான். நாளை மழை தீர்மானித்தது, இடத்தை ஆறு தீர்மானித்தது, நம்பிக்கையைச் சாமி கொடுத்தது. இவற்றில் ஒன்று இல்லாவிட்டாலும் சோன்பூர் ஒரு வாரச்சந்தையாகவோ ஒரு சின்னக் கோயிலாகவோ நின்றிருக்கும். சாமியைச் சாக்காகப் பார்ப்பவர்கள் அந்த மாட்டுக்காரனின் பயத்தை நினைத்துப் பார்ப்பதில்லை.

வீடியோவில் சொன்னவற்றுக்கு வருகிறேன். கிளைவ் 1774-லேயே இங்கிலாந்தில் இறந்துவிட்டார். 1803-ல் அவர் எங்கேயும் லாயம் கட்ட முடியாது. ஆங்கிலேயர்களுக்கு சோன்பூரோடு தொடர்பு இருந்தது உண்மை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் பீகாரின் அவுரித் தோட்டக்காரர்களும் அதிகாரிகளும் சந்தை நாட்களில் அங்கே கூடாரம் அடித்துக் குதிரைப் பந்தயமும் விருந்துமாக இருந்தார்கள். அந்தப் பந்தய நினைவும் பிரபலமான ஒரு பெயரும் ஒட்டிக்கொண்டு கிளைவ் கதை ஆகியிருக்கலாம்.

சந்திரகுப்தர் யானை வாங்கினார் என்பதை எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. அவர் அவையில் தூதராக இருந்த மெகஸ்தனிஸ், அந்த நாட்டில் தனி ஆள் யாரும் குதிரையோ யானையோ வைத்திருக்க முடியாது, அவை அரசனுக்கு மட்டுமே உரியவை என்று எழுதியதாக கிரேக்க ஆசிரியர் ஸ்திராபோ குறித்திருக்கிறார். அர்த்தசாஸ்திரமும் அரசனுக்கென்று யானைக் காடுகளை ஒதுக்கச் சொல்கிறது. அந்தக் காட்டில் யானையைக் கொன்றவனுக்கு மரண தண்டனை என்கிறது. எல்லா யானையும் தனக்கே என்று சட்டம் வைத்திருந்த அரசன் சந்தையில் யாரிடம் போய் விலை பேசுவான்? அவர் தலைநகரான பாடலிபுத்திரம் (இன்றைய பாட்னா) கங்கைக்கு அக்கரையிலேயே இருந்ததால், பெரிய சந்தைக்குப் பெரிய ராஜாவைப் பின்னாளில் சேர்த்திருக்கிறார்கள். முன்பு பூஜை சோன்பூரிலும் சந்தை ஹாஜிப்பூரிலும் நடந்தன, ஔரங்கசீப் காலத்தில்தான் சந்தை இந்தக் கரைக்கு மாறியது என்றும் அங்கே சொல்வார்கள். அதுவும் வாய்மொழிதான், ஆனால் கேட்க நியாயமாக இருக்கிறது. ஆற்றங்கரைச் சந்தை கரை மாறுவது நடக்கக்கூடியதே.

நம் பக்கத்தில் ஏன் கார்த்திகையில் இல்லை? ஐப்பசி, கார்த்திகை நம் மாநிலத்தின் பெரும்பகுதிக்கு அடைமழை. அங்கே வழி திறக்கும்போது இங்கே வழி அடைக்கிறது. அதனால் நம் சந்தைகளுக்கு வேறு நாட்கள். காங்கேயம் பக்கம் கண்ணபுரம் மாரியம்மன் தேருக்குச் சித்திரையில் மாடு கூடுகிறது. வயலில் வேலை இல்லாத மாதம் அது. அந்தியூர் குருநாதசுவாமிக்கு ஆடியில். அங்கே மாட்டோடு குதிரையும் நிறைய வரும். திப்பு சுல்தான் அங்கே குதிரை வாங்கினார் என்பார்கள். (ஒவ்வொரு சந்தைக்கும் ஒரு ராஜா வேண்டியிருக்கிறது!) உங்களுக்கு மிகப் பக்கத்தில், கர்நாடகத்துத் தொட்டபள்ளாபுரம் அருகே காட்டி சுப்ரமணியா கோயிலில் மார்கழி, தையில் நடக்கும் ஜாத்திரையை, அதாவது திருவிழாவைச் சொல்ல வேண்டும். ராகி அறுத்து, போர் போட்டு, களத்து வேலை ஓய்ந்த நேரம். ஹள்ளிக்கார் என்ற நாட்டு இனக் காளைகளைப் பட்டுத்துணி போர்த்தி, கொம்புக்குக் குஞ்சம் கட்டி, மேளத்தோடு கூட்டி வருவார்கள். உங்கள் ஊர் ராகிக் காட்டுக்கு ஏற்ற சந்தை நாள் அதுதான். சாமி அங்கே முருகன், கண்டகியில் ஹரிஹரன், புஷ்கரத்தில் பிரம்மா. நாளைக் குறித்தது அந்தந்த நாட்டு மழை.

இனி உங்கள் கடைசிக் கேள்வி.

உறுத்தத்தான் வேண்டும். அதை மழுப்ப நான் விரும்பவில்லை. பௌர்ணமி விடியலில் யானைகளை ஆற்றில் இறக்கிக் குளிப்பாட்டி, நெற்றியில் கோலம் எழுதி, பழம் கொடுத்து, காலைத் தொட்டுக் கும்பிட்டு, அப்புறம் மாந்தோப்பில் கொண்டுபோய் முன்காலையும் பின்காலையும் சங்கிலியில் கட்டி விலை பேசினார்கள். கும்பிட்டது பொய் அல்ல. விற்றதும் பொய் அல்ல. இரண்டையும் ஒரே மனிதர்கள் செய்தார்கள். கதையில் யானையின் காலைப் பிடித்தது முதலை. சந்தையில் பிடித்தது சங்கிலி. இதை அங்கே யாரும் நினைக்கவே இல்லை என்று நான் நம்பவில்லை. பாகன் நினைத்திருப்பான். விற்றுவிட்டுத் தனியாக வீடு திரும்பியவன் நினைத்திருப்பான்.

யானைக்கும் மாட்டுக்கும் இந்த இடத்தில் ஒரு பெரிய வித்தியாசம் இருக்கிறது. அதைச் சொல்லத்தான் இவ்வளவு நீட்டினேன். சந்தைக்கு வந்த யானைகளில் பெரும்பாலானவை மனிதன் வளர்த்துப் பெருக்கியவை அல்ல. காட்டில் பிடித்தவை. பள்ளம் வெட்டியோ, சுருக்குப் போட்டோ, மைசூர்க் காகனகோட்டையில் 1971 வரை நடந்ததுபோல் கூட்டத்தையே கெடா எனும் மரவேலிப் பட்டிக்குள் விரட்டி அடைத்தோ பிடித்தவை. ஒரு யானை விற்றால் அந்த இடத்துக்கு இன்னொரு யானை காட்டிலிருந்து வர வேண்டும். சந்தை பெருகப் பெருகக் காடு காலியாகும். 1972-ல் வந்த வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தில் யானை 1977-ல் மிக அதிகப் பாதுகாப்பு தரும் முதல் பட்டியலில் சேர்ந்தது. 2003-ல் நடைமுறைக்கு வந்த திருத்தம் வளர்ப்பு யானையை விலைக்கு விற்பதையே தடுத்தது. அதன் பிறகு தானம் என்றும் குத்தகை என்றும் பெயர் மாற்றிக் கொஞ்ச காலம் கைமாற்றினார்கள். மெல்ல மெல்லச் சோன்பூரின் யானை வரிசை ஏறக்குறைய இல்லாமல் போனது. 2022-ல் மத காரியத்துக்கும் வேறு காரியத்துக்கும் யானையை மாற்றிக்கொள்ளலாம் என்று சட்டத்தில் மறுபடி ஒரு கதவைத் திறந்திருக்கிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. கதையின் பக்கம் நிற்பவர் எவரும் அந்தத் தடை வந்ததற்குச் சந்தோஷப்படத்தான் வேண்டும். கஜேந்திரனைக் கும்பிட யானையைக் கட்டி வைக்கத் தேவையில்லை. யானை குறைந்த பிறகும் ஹரிஹரநாதருக்குக் கூட்டம் குறையவில்லை, பௌர்ணமிக் குளியலுக்கும் குறையவில்லை.

மாட்டுக்கு நிலைமை தலைகீழ். மாடு காட்டிலிருந்து வருவதில்லை, ஒரு குடியானவன் தொழுவத்திலிருந்து வருகிறது. நல்ல பொலிகாளை ஒன்று எங்கே இருக்கிறது, யார் வீட்டுக் கன்று எடுப்பாக வந்திருக்கிறது என்பதைச் சந்தையில்தான் தெரிந்துகொள்கிறான். நல்ல கன்றுக்கு நல்ல விலை கிடைக்கும் என்றால்தான் அடுத்த வருடமும் நாட்டுப் பசுவை வைத்திருப்பான். நம் பக்கத்தையே பாருங்கள். ஒகேனக்கல் பக்கத்துக் காவிரிக் காடுகளில் மேய்ந்து வளர்ந்த ஆலம்பாடி மாடு ஒரு காலத்தில் வண்டிக்கும், கிணற்றில் கவலை கட்டித் தண்ணீர் இறைப்பதற்கும் எவ்வளவு தேடப்பட்டது! இன்று அசல் ஆலம்பாடியைத் தேடிப்பிடித்து, அதற்கென்று தர்மபுரி மாவட்டத்தில் ஆராய்ச்சி மையம் வைத்துக் காப்பாற்ற வேண்டிய நிலை. டிராக்டரும் மோட்டார் பம்ப்செட்டும் வந்தது ஒரு காரணம், காட்டில் பட்டி போட்டு மேய்ப்பது குறைந்தது இன்னொரு காரணம். விற்கச் சந்தை சுருங்கியது மூன்றாவது. ஹள்ளிக்கார் இன்னும் நிமிர்ந்து நிற்பதற்கு கிருஷ்ணகிரிப் பக்கத்து எருது விடும் விழாக்களும் காட்டி சுப்ரமணியா போன்ற ஜாத்திரைகளும் முக்கியமான காரணம் என்று நினைக்கிறேன்.

ஒட்டகத்தைப் பாருங்கள். ராஜஸ்தான் அரசு 2014-ல் அதை மாநில விலங்காக அறிவித்தது, 2015-ல் சட்டம் போட்டு மாநிலத்துக்கு வெளியே கொண்டுபோகக் கட்டுப்பாடு விதித்தது. காப்பாற்றத்தான் செய்தார்கள். ஆனால் வெளி வியாபாரி வராமல் புஷ்கரத்தில் ஒட்டக விலை விழுந்தது. விலை விழுந்ததும் வளர்க்கும் ரைக்கா குடும்பங்களின் பிள்ளைகள் வேறு வேலைக்குப் போகிறார்கள். யானைக்குச் செய்ய வேண்டியதை ஒட்டகத்துக்குச் செய்ததால் வந்த வினை இது. மனிதன் காட்டிலிருந்து பறித்துவந்த விலங்குக்குச் சந்தை ஒரு தண்டனை. மனிதனோடு சேர்ந்தே உருவான விலங்குக்குச் சந்தைதான் சோறு. எல்லாச் சந்தையும் மிருகவதை என்று மொத்தமாக மூடச் சொல்பவர்களோடும், பாரம்பரியம் என்று சொல்லி யானையை மறுபடி கட்ட நினைப்பவர்களோடும் ஒரே மூச்சில் நான் சண்டை போடுவது இதனால்தான்.

கோதானத்தையும் இதோடு சேர்த்து நினைத்துப் பாருங்கள். கார்த்திகைப் பௌர்ணமியில் ஆற்றில் குளித்துவிட்டுப் பசுவைத் தானம் கொடுப்பது பெரிய புண்ணியம் என்பார்கள். தானம் கொடுக்கப் பசு வேண்டும் என்றால் வளர்ப்பவன் ஒருவன் வேண்டும். அவனுக்குச் சந்தை வேண்டும். மாட்டைத் தெய்வமாகப் பார்க்கச் சொன்ன அதே மதம்தான் கோயில் வாசலில் மாட்டுக்கு விலை பேச இடமும் கொடுத்தது. அதில் முரண்பாடு இல்லை. யானை விஷயத்தில் மட்டும்தான் முரண்பாடு. நீங்கள் அதைச் சரியாகவே பிடித்துவிட்டீர்கள்.

உங்கள் ஊரிலும் இதை நேராகப் பார்க்கலாம். பன்னேர்கட்டா, காவிரிக் காடுகளிலிருந்து ராகிக் கதிர் முற்றும்போது இறங்கி வரும் கூட்டம் அதே கார்த்திகையில்தான் வருகிறது. 2014-ல் காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் அறிவிக்கப்பட்டதும் அவற்றையும் காக்கத்தான். ராகி போன நஷ்டத்துக்குக் குடியானவனுக்கு உரிய இழப்பீடு தாமதமில்லாமல் கிடைக்க வேண்டும். அது கிடைக்காதவரை யானையைக் கும்பிடு என்று உங்கள் அப்பாவிடம் சொல்ல யாருக்கும் உரிமை இல்லை.

போவது பற்றி: பெங்களூரிலிருந்து சங்கமித்ரா எக்ஸ்பிரஸ் பாட்னாவை ஒட்டிய தானாப்பூர் வரை போகிறது. அங்கிருந்து கங்கையைப் பாலத்தில் தாண்டினால் சோன்பூர் வந்துவிடும். சந்தை ஏறக்குறைய ஒரு மாதம் நடக்கும் என்றாலும் பௌர்ணமிக்கு முன்பின் ஒரு வாரம்தான் கால்நடை நிறைய இருக்கும். அப்புறம் கடைகளும் நாடகக் கொட்டகைகளும்தான் மிஞ்சும். பௌர்ணமியன்று படித்துறையில் நெரிசல் அதிகம், வயதானவர்களைக் கூட்டிப் போனால் ஒரு நாள் முன்னதாகவே குளித்துவிடுவது நல்லது. உங்கள் நண்பரும் கூட வந்தால் மொழிக்கு உதவி. லீவு கிடைக்கவில்லை என்றால் அப்பாவை அழைத்துக்கொண்டு தை மாதம் காட்டி சுப்ரமணியாவுக்குப் போய் வாருங்கள். போகும் முன் அந்த வருட ஜாத்திரை தேதியைக் கோயிலில் விசாரித்துக்கொள்ளுங்கள். பெரிய ஜோடிகளைப் பார்க்க வேண்டும் என்றால் தேருக்குச் சில நாள் முன்பே போக வேண்டும், தேர் அன்றைக்குள் நல்ல மாடெல்லாம் கைமாறிவிடும்.

அன்புடன்,
தர்மபுரி